எங்களைக் கேளாமல் வந்த தீர்ப்பு

சட்ட அறிவுப் பாடம்: வராதவருக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பை எப்போது நீக்கலாம்?

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பின்பு ஒரு தாய் மட்டும் அறைவீட்டு விறாந்தையில் நின்றார். கையில் மடித்த கடதாசி ஒன்று இருந்தது.

"சுவாமி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கோட்டிலையிருந்து எண்டு ஒராள் வந்து தந்திட்டுப் போனவர்."

"எப்ப தந்தவர், அம்மா?"

"போன கிழமை செவ்வாய்க்கிழமை. பூசைக்கு வரேக்கை கொண்டு வருவம் எண்டு படத்துக்குப் பின்னாலை வைச்சனான். போன ஞாயிறு மழை, வரேலாமப் போச்சு."

குருவானவர் விரலை மடித்து எண்ணினார். "இண்டைக்குப் பன்னிரண்டு நாள். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. நாளைக்கு விடிய முதல் பஸ்ஸிலை வெளிக்கிடுங்கோ. வாற செவ்வாய் தாண்டினா இந்தக் கதவு பூட்டிப் போடும்."

இது இப்பாடத்துக்காக எழுதப்பட்ட உரையாடல். ஆயினும் இதைப் போன்ற கடதாசிகள் இடம்பெயர்ந்த பல குடும்பங்களின் கைக்கு வருகின்றன. வாசிக்கத் தெரியாததாலோ, பயத்தாலோ, "எங்களுக்கும் கோட்டுக்கும் என்ன தொடர்பு" என்ற எண்ணத்தாலோ அவை படத்துக்குப் பின்னாலும் பெட்டிக்கு அடியிலும் கிடந்துவிடுகின்றன. அந்தக் கடதாசி என்ன, அதற்கு ஏன் பதினான்கு நாள், அந்த நாட்கள் கடந்துவிட்டால் வேறு வழி உண்டா என்பவற்றை இப்பாடத்தில் படிப்போம்.

கேட்டபின்பே தீர்ப்பு

யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் நிக்கதேம் தம்மோடிருந்த தலைவர்களை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறார். ஒருவனுடைய வாக்கைக் கேளாமலும், அவன் செய்தது என்னவென்று அறியாமலும் நமது சட்டம் அவனுக்குத் தீர்ப்பிடுமோ என்பதே அக்கேள்வியின் கருத்து. பெரிய வாதம் ஒன்றும் அவர் செய்யவில்லை. கேட்டபின்பே தீர்ப்பு என்ற ஒரு நியாயத்தை மட்டும் நினைவூட்டினார்.

எமது நாட்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் இதே நியாயத்தின் மேலேயே நிற்கிறது. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக வந்து, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம் அது. காணி, கடன், வாடகை போன்ற வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்தில் எப்படி நடக்க வேண்டும் என்பதை அது கூறுகிறது. ஆனால் அழைத்தும் வராதவருக்காக நீதிமன்றம் என்றென்றைக்கும் காத்திருக்க முடியாது. அப்படியாயின் வழக்குப் போட்டவருக்கு நீதி கிடையாது. ஆகவே சட்டம் இரு பக்கத்தையும் பார்க்கிறது: வராதவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்க இடமளிக்கிறது, தக்க காரணத்தால் வரமுடியாமற் போனவர் அதை நீக்கிக் கேட்கவும் இடமளிக்கிறது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு எப்படி வருகிறது?

வழக்குப் போடுபவர் வழக்காளி. யாருக்கு எதிராகப் போடப்படுகிறதோ அவர் எதிராளி. வழக்குப் பதிவானதும் எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பப்படும். அது பதிவுத் தபாலில் வரலாம். பிஸ்கால் உத்தியோகத்தர் நேரில் கொண்டுவந்தும் தரலாம். நேரில் கொடுக்க முடியாவிட்டால், நீதிமன்றத்தின் உத்தரவுடன் வீட்டிலே ஒட்டிவிட்டுப் போகவும் கூடும்.

அழைப்பாணையில் குறித்த நாளில் எதிராளி மறுமொழி அணைக்காவிட்டால், அல்லது விளக்க நாளில் தோன்றாவிட்டால், 84ஆம் பிரிவின்படி வழக்கு ஒருதலைப்பட்ச விளக்கத்துக்கு வைக்கப்படும். 85ஆம் பிரிவின்படி வழக்காளி தமது சான்றுகளை வைப்பார். நீதிபதி திருப்தியடைந்தால் தீர்ப்பு வழங்குவார். அத்தீர்ப்பின் கட்டளைப் பிரதி, 'டிக்கிறி' என்று நம்மவர் சொல்வது, எதிராளிக்குக் கொடுக்கப்பட வேண்டும். அந்தத் தாயின் கைக்கு வந்த கடதாசி இதுதான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிராளி வரவில்லை என்பதற்காக வழக்காளி கேட்டதெல்லாம் கொடுக்கப்பட வேண்டும் என்பதில்லை. முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க டைம்ஸ் ஒவ் சிலோன் நிறுவனத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கின் தீர்ப்பு 1995ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியாகியுள்ளது. ஒருதலைப்பட்ச விளக்கத்திலும் நீதிபதி சட்டப்படியே நடக்க வேண்டும், கேட்ட நிவாரணம் உண்மையில் வழக்காளிக்கு உரியதா என்று பார்க்க வேண்டும், உரியதல்லவாயின் வழக்கைத் தள்ள வேண்டும் என்று உயர் நீதிமன்றம் அதில் கூறியது.

அந்தத் தாயின் கதை

அந்தக் குடும்பம் 2008இல் ஊரை விட்டு வெளிக்கிட்டது. இடத்துக்கு இடம் ஓடி, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டபோது வவுனியாவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டது. கணவர் இறந்துவிட்டார். ஊரிலே உறுதிக்காணி ஆறு ஏக்கர்: நாலு வயல், இரண்டு மேட்டுநிலம். அதைக் கணவரின் உறவினர் ஒருவர் தமக்கு உரித்தென்று வழக்குப் போட்டிருக்கிறார். அழைப்பாணை போனது ஊரிலுள்ள பழைய விலாசத்துக்கு. அங்கே வீடில்லை, அத்திவாரம் மட்டுமே உண்டு. அத்திவாரத்துக்குப் பக்கத்து மரத்தில் ஒட்டியதாக அறிக்கை. தீர்ப்பு வந்த பின்பு டிக்கிறியைக் கொண்டு வந்தவர் ஊர் விதானையாரிடம் ஒரு சொல் கேட்டாராம். விதானையார் வவுனியா விலாசத்தைச் சொல்லிவிட்டார்.

ஒரு சொல் கேட்டிருந்தால் அழைப்பாணையும் அந்தத் தாயின் கைக்கு வந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

முதலாவது வழி: பதினான்கு நாள்

சட்டக்கோவையின் 86ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு கூறுவது இது: கட்டளைப் பிரதி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எதிராளி நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, தாம் தவறியதற்கு நியாயமான காரணம் உண்டென நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், நீதிமன்றம் தீர்ப்பையும் கட்டளையையும் நீக்கிவிட வேண்டும். வழக்கு எந்தக் கட்டத்தில் தவறப்பட்டதோ அந்தக் கட்டத்திலிருந்து அவர் தமது எதிர்வாதத்தை நடத்தலாம். வழக்குச் செலவு கட்டும்படியோ வேறு நிபந்தனையோ நீதிமன்றம் விதிக்கலாம்.

இதில் நாம் மனதில் பதிக்க வேண்டியவை நான்கு.

1. இந்த 14 நாளை நீதிமன்றங்கள் கட்டாயமான எல்லையாகவே கொள்கின்றன. "சுகமில்லை, பிந்திவிட்டது" என்று பின்னர் சொல்லி நாளைக் கூட்டிக்கொள்ள முடியாது. சனி, ஞாயிறு, போயா நாட்களையும் சேர்த்தே எண்ணுங்கள். கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

2. விண்ணப்பம் மனுவாக இருக்க வேண்டும். அதனோடு சத்தியக்கடதாசியும் வேண்டும். வழக்காளிக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வாயால் சொல்வது போதாது. கச்சேரிக்கோ பொலிசுக்கோ கடிதம் எழுதுவதும் போதாது.

3. இவ்விசாரணையில் எழும் கேள்வி "காணி யாருடையது?" என்பதன்று. "ஏன் வரவில்லை?" என்பதே. பலர் உறுதிகளையும் தோம்பையும் மட்டும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவை பின்னர் தேவைப்படும். முதலில் வேண்டியது, வரமுடியாமற் போனதற்கான சான்று.

4. காரணத்தைக் காட்டும் பொறுப்பு எதிராளியுடையது. அழைப்பாணையைச் சேர்ப்பித்ததாக உத்தியோகத்தர் அறிக்கை கொடுத்திருந்தால், அது உண்மையென்றே முதலில் கொள்ளப்படும். அது பிழையென்று காட்ட வேண்டியவர் நாம்தான்.

எவை நியாயமான காரணமாகலாம்? அழைப்பாணை கிடையாமை, கடும் நோய், ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தமை, பாதை மூடப்பட்டமை, இடப்பெயர்வு போன்றவற்றைக் கூறலாம். ஆனால் "இடம்பெயர்ந்தோம்" என்ற ஒரு சொல் மட்டும் போதாது. வழக்குத் தவணை நடந்த அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதே கேட்கப்படும். அதற்குக் குடும்ப அட்டை, முகாம் பதிவு, நிவாரண அட்டை, மீள்குடியேற்றப் பதிவு, விதானையாரின் உறுதிப்படுத்தல், பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, தேர்தல் இடாப்புப் பதிவு முதலியன உதவும். இடம்பெயர்ந்த வாழ்வில் சேர்ந்த இந்தச் சிறு சிறு கடதாசிகளைப் பலர் எரித்துவிடுகிறார்கள். தயவுசெய்து எரிக்க வேண்டாம். நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும் சாட்சிகள் அவை.

மேன்முறையீடு செய்யலாமே என்று சிலர் எண்ணுவர். 88ஆம் பிரிவின்படி, வராததால் வழங்கப்பட்ட தீர்ப்புக்கு எதிராக நேரடியாக மேன்முறையீடு கிடையாது. முதலில் அதே மாவட்ட நீதிமன்றத்தில் நீக்கிக் கேட்க வேண்டும். அங்கே நீதிபதி நீக்கினாலும் மறுத்தாலும், அந்தக் கட்டளைக்கு எதிராகவே மேன்முறையீடு உண்டு.

இரண்டாவது வழி: அழைப்பாணையே சேராவிட்டால்

அழைப்பாணை கிடைத்தும் வரமுடியாமற் போனது ஒன்று. அழைப்பாணையே கொடுக்கப்படாதது வேறொன்று. சட்டம் இவ்விரண்டையும் வேறாகவே பார்க்கிறது.

1981ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு தீர்ப்பில், பின்னாளில் பிரதம நீதியரசராக விளங்கிய நீதியரசர் சர்வானந்தா இதனை விளக்கினார். அழைப்பாணை சேர்ப்பிக்கப்படாமை நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தின் வேரையே தொடும் குறை. அவ்வாறு அழைக்கப்படாதவருக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பு வெறுமையானது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் அதே நீதிமன்றம் தனது உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு அதனை நீக்கலாம் என்பதே அதன் சாரம். அந்த உள்ளார்ந்த அதிகாரத்தைச் சட்டக்கோவையின் 839ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆகவே 14 நாள் கடந்துவிட்டது என்று அறிந்தவுடன் மனம் தளர்ந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். அழைப்பாணை உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று வழக்கேட்டைப் பார்க்கச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். எந்த விலாசத்துக்குப் போனது? யார் கையொப்பமிட்டார்? எந்தத் திகதி? அந்தத் திகதியில் அந்த ஊரில் மக்கள் இருந்தார்களா? ஆளில்லாத ஊரில் ஓர் எதிராளி நேரில் அழைப்பாணை பெற்றதாக அறிக்கை இருந்தால், அவ்வறிக்கையே உங்களுக்குச் சாட்சியாகும்.

ஆனால் 14 நாளுக்குள் போகக்கூடியவர் இந்த வழியை நம்பித் தாமதிக்கக் கூடாது. உரிய வேளையில் 86ஆம் பிரிவின் கீழ்ச் சென்றவரின் நிலையே உறுதியானது.

மூன்றாவது வழி: வஞ்சகம்

வஞ்சகம் என்பது பொய்யாலும் மறைப்பாலும் நீதிமன்றத்தையே ஏமாற்றித் தீர்ப்புப் பெறுவது. அதன் முகங்கள் பல.

எதிராளி இருக்குமிடம் தெரிந்திருந்தும் ஆளில்லாத விலாசத்தைக் கொடுத்தல். வேறொருவரை எதிராளி என்று காட்டி அழைப்பாணையை வாங்கச் செய்தல். எதிராளியின் பெயரில் பொய்யான 'புறொக்சி' வைத்து வழக்கை ஒப்புக்கொள்ளச் செய்தல். போலி உறுதி முடித்து அதைச் சான்றாக வைத்தல். உயிரோடிருக்கும் உரித்தாளியை இறந்தவர் என்றோ பிள்ளையற்றவர் என்றோ கூறுதல். இவை யாவும் வஞ்சகத்தின் உதாரணங்கள்.

இத்தகைய நிலையில், அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு சிறப்பான அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. சட்டத்தரணிகள் அதனை 'ரெஸ்டிடியூற்றியோ இன் இன்ரெக்ரம்' என்னும் இலத்தீன் பெயரால் அழைப்பர். பழைய நிலைக்கு மீட்டுத் தருதல் என்பது அதன் பொருள். உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் வழியாக எமக்கு வந்த நிவாரணம் இது. பொய்ச் சான்றாலோ, முக்கியமான உண்மையை மறைத்ததாலோ, பலவந்தத்தாலோ, வஞ்சகத்தாலோ பெறப்பட்ட தீர்ப்பை இதன் மூலம் நீக்கிக் கேட்கலாம். நியாயமான, மன்னிக்கத்தக்க தவறினால் வந்த தீர்ப்பையும் கேட்கலாம்.

ஆயினும் இந்தக் கதவு இலகுவாகத் திறப்பதில்லை. பொதுவாக, முதல் வழக்கில் திறத்தவராக இருந்தவரே இதனைக் கேட்கலாம். வஞ்சகத்தை அறிந்தவுடன் தாமதியாமல் வர வேண்டும். அறிந்தபின் ஆண்டுக்கணக்காக மௌனமாய் இருந்தவருக்கு நீதிமன்றம் இரங்காது. மேலும், மனுவில் 'வஞ்சகம்' என்ற சொல்லை எழுதினால் போதாது. யார், எப்போது, எதை, எப்படிச் செய்தார் என்பதை எழுதி, அதற்குச் சான்று காட்ட வேண்டும். தீர்ப்பு எமக்குப் பிடிக்கவில்லை என்பதும், நீதிபதி எமது சாட்சியை நம்பவில்லை என்பதும் வஞ்சகம் ஆகா.

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். மறுநாள் காலை சட்டத்தரணி அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "வழக்குப் போட்ட ஆளுக்கு நீங்கள் வவுனியாவிலை இருக்கிறது தெரியுமோ, அம்மா?"

"தெரியாமல் என்ன? என்ரை மூத்தவளின்ரை கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்தானே."

"அதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?"

தாய் யோசித்தார். "அல்பத்திலை நிக்கிறார், ஐயா. எங்கடை வீட்டு வாசல்லை."

கலியாண அல்பம் ஒன்று அன்று வழக்குச் சான்றாயிற்று. வீட்டு வாசலில் நின்று படமெடுத்தவர், வீடே அற்ற அத்திவாரத்தை விலாசமாகக் கொடுத்தது ஏன் என்ற கேள்விக்கு அவர்தான் விடை சொல்ல வேண்டும். இந்தத் தாய்க்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போக வேண்டிய தேவை வரவில்லை. இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தபடியால், இதே உண்மைகளை 86ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்திலேயே வைக்க முடிந்தது.

நான்காவது: தவறு

தவறுகள் மூன்று வகைப்படும். அவற்றை ஒன்றோடொன்று குழப்பக் கூடாது.

முதலாவது, எழுத்துப் பிழையும் கணக்குப் பிழையும். தீர்ப்பில் ஆறு ஏக்கர் என்பது பதினாறு என்று எழுதப்பட்டுவிட்டது, காணியின் பெயர் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 189ஆம் பிரிவின்படி இத்தகைய பிழைகளை நீதிமன்றம் எப்போதும் திருத்தலாம். இதற்குத் தீர்ப்பை நீக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எமது தவறு அல்லது எமது சட்டத்தரணியின் தவறு. தவணைத் திகதியை மாற்றிக் குறித்தல் போன்ற நேர்மையான தவறை நீதிமன்றம் பொறுக்கலாம். கவலையீனத்தைப் பொறுக்காது. "சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்" என்பது பல வேளைகளில் கவலையீனமாகவே கொள்ளப்படும். ஒவ்வொரு தவணைக்குப் பின்பும் அடுத்த திகதியைக் கேட்டு, வீட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, நீதிமன்றத்தின் தவறு. சட்டம் சொன்ன நடைமுறை கைக்கொள்ளப்படாமலோ, சான்றே இல்லாமலோ தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தால், மேல் நிலையிலுள்ள நீதிமன்றத்திடம் மீளாய்வு கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் பின்பு மாகாண மேல் நீதிமன்றங்களும் மாவட்ட நீதிமன்றக் குடியியல் வழக்குகளின் மேன்முறையீட்டையும் மீளாய்வையும் கேட்கின்றன. ஆகவே எல்லாவற்றுக்கும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

பிரிவிடல் வழக்கில் கூடிய விழிப்பு

பல உரித்தாளிகளுக்குப் பொதுவான காணியைப் பங்கிடும் வழக்கே பிரிவிடல் வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டம் இதற்கு உரியது. மற்றைய தீர்ப்புகள் வழக்கில் நின்றவர்களையே கட்டும். பிரிவிடல் தீர்ப்போ, சில விலக்குகள் தவிர, எல்லோரையும் கட்டும். அதனால் இதில் தூங்கிவிட்டால் இழப்பும் பெரிது.

இச்சட்டத்தின் 48ஆம் பிரிவு சிலருக்குத் தனிவழி ஒன்றைத் திறந்திருக்கிறது. அழைப்பாணை சேராத திறத்தவர், தக்கபடி பிரதிநிதித்துவம் செய்யப்படாத வயது வராதவர் அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவர், உரிமைக் கூற்றை அணைத்து விலாசத்தையும் பதிவுசெய்த பின் விளக்க நாளில் வரத் தவறியவர் ஆகியோர் விசேட அனுமதி கேட்டுத் தமது உரிமையை நிலைநாட்ட முயலலாம். நில அளவையாளரின் இறுதி அறிக்கை, அல்லது காணி விற்கப்படுமாயின் விற்பனை அறிக்கை, நீதிமன்றத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அவ்வனுமதி கேட்கப்பட வேண்டும். வழக்கில் சேர்க்கப்படாமலே உரிமை இழந்தவர், இறுதிக் கட்டளையிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தனி வழக்குப் போட்டு நட்டஈடு கேட்க 49ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் நட்டஈடு பணம், காணியன்று.

வழக்கில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும், நில அளவையாளர் முதல் அளவைக்குக் காணிக்கு வரும்போது அங்கே போய் "எனக்கும் பங்குண்டு" என்று கூறலாம். அவர் அதனைத் தமது அறிக்கையில் குறிக்க வேண்டும். ஆகவே ஊரில் இருக்கும் அயலவரிடமும் பங்குத் தந்தையிடமும் விதானையாரிடமும் ஒரு வேண்டுகோள் விடுங்கள்: "எங்கடை காணிப் பக்கம் சங்கிலியோடை ஆரும் வந்தால் உடனை சொல்லுங்கோ."

உங்கள் வழக்கே தள்ளப்பட்டிருந்தால்

இடம்பெயர்ந்தவர் எப்போதும் எதிராளியாகவே இருப்பதில்லை. தாமே போட்ட வழக்கு, 1990இலோ 1995இலோ 2008இலோ ஊர் குலைந்தபோது, வழக்காளி வரவில்லை என்று தள்ளப்பட்டிருக்கலாம். 87ஆம் பிரிவின்படி வழக்காளியும் நியாயமான காரணம் காட்டி அத்தள்ளுபடியை நீக்கிக் கேட்கலாம். இங்கு 14 நாள் என்ற எல்லை கூறப்படவில்லை. 'நியாயமான காலத்துக்குள்' என்றே கூறப்பட்டுள்ளது. எது நியாயமான காலம் என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய நிலை வந்த பின்பும் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் காரணம் கேட்கப்படலாம். எனவே இவ்வாறான பழைய வழக்கு உடையவர்கள் இனியும் தாமதியாமல் சட்ட ஆலோசனை பெற வேண்டும்.

ஒரு குறிப்பு: இப்பாடம் மாவட்ட நீதிமன்றத்தின் சாதாரண வழக்குகளைப் பற்றியது. அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தல், ஆட்சித் தகராறு பற்றிப் பொலிசார் கொண்டுவரும் வழக்கு, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கி போடும் வழக்கு ஆகியவற்றுக்கு வேறு விதிகளும் வேறு காலவரைகளும் உண்டு. எந்தக் கடதாசியாயினும் உடனே காட்டிக் கேட்பதே பாதுகாப்பு.

கடதாசி கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

1. கிடைத்த திகதியையும் நேரத்தையும் தந்தவர் யார் என்பதையும் கடதாசியின் பின்புறத்தில் எழுதுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையையும் முத்திரையோடு வைத்திருங்கள்.

2. வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் அது சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படலாம். நாளோ ஓடிக்கொண்டே இருக்கும்.

3. வழக்கிலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

4. மூன்று நாளுக்குள் சட்டத்தரணியிடம் செல்லுங்கள். பணவசதி இல்லாதவருக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் நிலையங்கள் பல நீதிமன்றங்களை அண்டியே இயங்குகின்றன.

5. வெற்றுத் தாளில் எவருக்கும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். புறொக்சியில் வழக்கிலக்கமும் சட்டத்தரணியின் பெயரும் எழுதப்பட்ட பின்பே ஒப்பமிடுங்கள்.

6. நீக்கும் விண்ணப்பம் போட்டாலும், காணியை விட்டு வெளியேற்றும் எழுத்தாணை தானாகவே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். அதனை நிறுத்தி வைக்கும்படி சேர்த்துக் கேட்கச் சட்டத்தரணியிடம் கூறுங்கள்.

7. கடதாசி ஒன்றும் வராதவர்களும், தமது காணியின் பதிவுப் பக்கத்தைக் காணிப் பதிவகத்தில் ஒருமுறை பார்வையிடுங்கள். உங்களுக்குத் தெரியாத உறுதியோ வழக்கோ பதியப்பட்டிருந்தால் அங்கே தெரியவரும். விலாசம் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய ஊர் விதானையாரிடம் புதிய விலாசத்தைக் கொடுத்து வையுங்கள்.

முடிவாக

அந்தத் தாயின் மனு செவ்வாய்க்கிழமை, பதினான்காம் நாள், நண்பகலுக்கு முன் பதிவாயிற்று. விசாரணையில் முகாம் அட்டையும் விதானையாரின் கடிதமும் கலியாண அல்பமும் வைக்கப்பட்டன. தீர்ப்பு நீக்கப்பட்டது. காணி அவருக்கென்று தீர்ந்துவிடவில்லை. வழக்கு இனித்தான் தொடங்குகிறது. அதில் அவர் வெல்லவும் கூடும், தோற்கவும் கூடும். ஆனால் இம்முறை அவருடைய வாக்கைக் கேட்ட பின்பே தீர்ப்பு வரும். நிக்கதேம் கேட்டதும் அவ்வளவுதான்.

சட்டத்தின் கதவு கேளாமல் தண்டிக்கப்பட்டவருக்காகத் திறந்தே இருக்கிறது. ஆனால் அது விரைந்து வருபவருக்கும் சான்றோடு வருபவருக்குமே பயன்படும். இன்று வீட்டுக்குப் போனதும் படத்துக்குப் பின்னால் ஏதாவது கடதாசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளை விடிய வெளிக்கிடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் நீதிமன்றக் கடதாசி கிடைத்தும் போகாமல் விட்ட குடும்பங்கள் உண்டா? அவர்களைத் தடுத்தது பயமா, பணமா, அறியாமையா?

2. வழக்குத் தவணை நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இன்று கேட்டால், உங்களிடம் என்ன சான்று உண்டு? வீட்டிலுள்ள கடதாசிகளை எடுத்துப் பட்டியலிடுங்கள்.

3. இன்னும் ஊர் திரும்பாத அயலவரின் காணிக்கு நில அளவையாளர் வந்தால், அவருக்கு உடனே அறிவிக்க எமது சங்கம் யாரைப் பொறுப்பாக நியமிக்கலாம்?

4. திரும்பி வராத உறவினரின் காணியைத் தமதாக்க நினைப்பவர் எமக்குள்ளேயும் இருக்கலாம். அவரோடு நாம் எப்படிப் பேசுவது?